அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதா? அம்மாச்சி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம்

வாடிப்பட்டிப்_பொண்ணு | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்தில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான். முதல் பிரசவம், பன்னிரண்டாவது வாரம் ஓடுகிறது. ஆரம்பத்தில் லேசாக இரத்தக்கறை பட்டது, அதனால் உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் துடிப்பு வந்துவிட்டதா என்று பார்க்க இன்னொரு தடவை. இப்போது என்.டி. ஸ்கேனுக்கு (பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அளப்பது) அண்ணா நகரில் ஒரு சென்டருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். துணைக்கு அம்மாச்சி வந்திருக்கிறார். அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "மாட்டுக்குச் சினை பாக்கக்கூட டாக்டரு ஒரு தடவைதேன் வருவாரு, ஒனக்கு எதுக்குடி இத்தன தடவ? சூடு ஏறி உள்ள இருக்கிறது வாடிப்போகும்" என்கிறார். அது போதாதென்று சொந்தக்காரர் குழுவில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. ஸ்கேன் அலை மூளையைத் தாக்கும், ஆட்டிசம் வரும், வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள் என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். டாக்டரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்பதோடு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஒன்றும் ஆகாது என்றால் ஏன் ஆகாது என்று யாராவது சொல்லுங்கள். வியாழக்கிழமை போக வேண்டும்.

திருமங்கலம்_குமார் | ஞாயிறு, இரவு 9:30

தங்கச்சி, கண்டதையும் கேட்டு மண்டையைக் குழப்பிக்காதீங்க. எங்க வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். கடைசி மாதங்களில் வாராவாரம் ஸ்கேன்தான். ரெண்டும் இப்ப வீட்டைத் தலைகீழாக்குதுக. தைரியமா போயிட்டு வாங்க.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, இரவு 10:05

குமார் அண்ணே, பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். ஆனால் "எங்க வீட்டில் ஒன்றும் ஆகவில்லை" என்பது ஆதாரம் இல்லை. நம் பாட்டிமார் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர்களும் சொன்னார்கள். 1956-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டீவர்ட் என்ற பெண் மருத்துவர், வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று கணக்கெடுத்துக் காட்டினார். அதை மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள வருடக்கணக்கில் ஆனது.

ஸ்கேன் பற்றியும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2006-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பாஸ்கோ ராகிச் குழுவினர் சினை எலிகளுக்கு அல்ட்ராசவுண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரமோ அதற்கு மேலோ பட்ட குட்டிகளின் மூளையில், சில நரம்பணுக்கள் போய்ச் சேர வேண்டிய அடுக்குக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிட்டன. அம்மாச்சியைக் கிண்டல் செய்துவிட்டு நகர்ந்து போகிற விஷயம் இல்லை இது.

ஆடியோவை நானும் கேட்டேன். அது வேறு. அந்த ஆள் சொல்வதில் பாதி கதை.

குழும_நெறியாளர் | ஞாயிறு, இரவு 10:11

அந்த ஆடியோவை இங்கே யாரும் ஏற்ற வேண்டாம். ஏற்கனவே இரண்டு பேர் ஏற்றி நீக்கியாயிற்று.

ஸ்கேன்_ரூம் | திங்கள், காலை 6:20

நான் கதிரியக்க மருத்துவர், மதுரையில்தான். என் பகல் முழுவதும் ஜெல் வாசத்தில்தான் போகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், காபியோடு படியுங்கள்.

எக்ஸ்ரேயையும் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிர். டி.என்.ஏ.வை உடைக்கும், அதனால்தான் புற்றுநோய்க் கணக்கு வந்தது. ஸ்கேன் என்பது வெறும் ஒலி. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயிற்றின் மேல் வைக்கும் புரோப் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். அந்த ஒலி உடம்புக்குள் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், எங்கே தசை மாறுகிறதோ, எலும்பு வருகிறதோ அங்கே எதிரொலித்துத் திரும்பும். அந்த எதிரொலியைத்தான் படமாக்குகிறோம்.

ஒலியும் சக்திதான், சும்மா போய்வரும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு விதமாகத் தொந்தரவு தரலாம். ஒன்று, திரவத்தில் இருக்கும் பொடி வாயுக்குமிழ்களை உலுக்கி உடைப்பது. பிறக்காத பிள்ளையின் நுரையீரலிலும் குடலிலும் காற்றே கிடையாது, அதனால் இந்தப் பயம் ரொம்பக் குறைவு. இன்னொன்று சூடு. ஆமாம், அம்மாச்சி சொல்கிற சூடு கற்பனை இல்லை. உறிஞ்சப்படுகிற ஒலி சூடாக மாறத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

உலக அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு வைத்திருக்கும் கோடு இது: வழக்கமான 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் 1.5 டிகிரி வரை ஏறினால் தயங்க வேண்டியதில்லை. 4 டிகிரி ஏறி, அதுவும் 5 நிமிடத்துக்கு மேல் நின்றால் கருவுக்கு ஆபத்தாகலாம். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் புரோப் ஒலி அனுப்புவது மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் எதிரொலிக்காகக் காத்திருக்கும். ஒலிக்கற்றையும் ஒரே இடத்தில் நிற்காமல் குறுக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், நாங்களும் கையை ஆட்டிக்கொண்டே இருப்போம். இதில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. உங்களுக்கு 102 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அடித்தால் பிள்ளைக்கு ஏறுகிற சூடு இதைவிட அதிகம், அதுவும் மணிக்கணக்கில். முதல் மூன்று மாதத்தில் கடுங்காய்ச்சலை விட்டுவைத்தால் முதுகுத்தண்டு, மண்டை சரியாக மூடாத குறைபாட்டுக்கு வாய்ப்புக் கூடும் என்பது தெரிந்த விஷயம். அம்மாச்சிக்குச் சூட்டைப் பற்றி அக்கறை இருந்தால் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நிஜமாகவே உதவும்.

டாப்ளர்தான் வேறு மாதிரி. இரத்த ஓட்டத்தை அளக்க, ஒலிக்கற்றையை ஒரே கோட்டில் நிறுத்தி வைத்துச் சற்று நீளமான துடிப்புகளை அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் எலும்பு இருந்தால் சூடு கூடும். அதனால் ஆரம்ப வாரங்களில் தேவையில்லாமல் அதைத் தொடக் கூடாது என்பது விதி. "மேடம், லப் டப் சத்தம் கேக்க வைங்க" என்று போனை ரெக்கார்டில் போட்டுக்கொண்டே கேட்பார்கள். எட்டாவது வாரத்தில் நான் கேட்க வைப்பதில்லை. எம்-மோடில் அலை அலையாக ஒரு கோடு வரும், அதை அளந்து நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று சொல்லி அனுப்புவேன். "போன சென்டர்ல கேக்க வச்சாங்களே" என்று முகம் சுளித்துப் போனவர்கள் உண்டு.

எலி ஆய்வு பற்றி மதியம் எழுதுகிறேன். முதல் டோக்கன் வந்துவிட்டார்.

வாடிப்பட்டிப்_பொண்ணு | திங்கள், காலை 8:47

மேடம், ரொம்ப நன்றி. அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, சூடுன்னு அவங்களே சொல்றாங்க" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பழங்காநத்தம்_சர்வீஸ் | திங்கள், காலை 11:15

ஸ்கேன் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். தேனி, ராமநாதபுரம், சிவகங்கை என்று சுற்றுகிறேன். மேடம் சொன்னதில் மெஷின் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு எண் ஓடிக்கொண்டே இருக்கும். டி.ஐ. என்றும் எம்.ஐ. என்றும் போட்டிருக்கும். டி.ஐ. சூட்டுக்கு, எம்.ஐ. அந்தக் குமிழ் சமாசாரத்துக்கு. டி.ஐ. 1 என்றால், ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவு போய்க்கொண்டிருக்கிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தெர்மாமீட்டர் மாதிரி அளந்து சொல்வதில்லை, கணக்குப் போட்டுச் சொல்வது. அதிலும் ரகம் உண்டு: பத்து வாரம் வரை மென்தசைக்கான டி.ஐ.எஸ். பார்க்க வேண்டும், எலும்பு இறுக ஆரம்பித்த பிறகு டி.ஐ.பி.

பிரிட்டனின் மருத்துவ அல்ட்ராசவுண்ட் சங்கம் நேரக் கணக்கே வைத்திருக்கிறது. கர்ப்பிணிக்கு 0.7-க்குள் இருந்தால் நேரக் கட்டுப்பாடு இல்லை. 1 முதல் 1.5 வரை என்றால் அரை மணி நேரம். 2.5-ஐத் தாண்டினால் ஒரே ஒரு நிமிடம். 3-க்கு மேல் போகவே கூடாது. நான் பார்த்த வரையில் கறுப்பு வெள்ளைப் படத்தில் டி.ஐ. 0.2, 0.3 என்றுதான் நிற்கும். பல்ஸ் டாப்ளர் பட்டனைத் தட்டியதும் குபீரென்று ஏறும், கண்ணெதிரே தெரியும்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். மெஷினில் பிரசவத்துக்கு என்று தனி செட்டிங் இருக்கிறது, அதில் சக்தி குறைவாகத் தொடங்கும். முன்னால் வந்தவருக்குக் கல்லீரலோ இதயமோ பார்த்துவிட்டு, அதே செட்டிங்கில் அடுத்தவருக்கு ஆரம்பிக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். புரோப் முகத்தில் விரிசல் விட்டிருக்கும், "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்பார்கள். பேர் வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் ஸ்கேன் செய்பவர்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. டி.ஐ. என்றால் என்ன என்று சரியாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அங்கேயே அப்படி.

இந்தக் கருவியின் பூர்வீகமே பட்டறைதான் என்பது இன்னொரு சுவாரசியம். இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை வைத்துத்தான் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு முயற்சியை ஆரம்பித்தார். 1958-ல் லான்செட் மருத்துவ இதழில் அவர் குழுவினரின் கட்டுரை வந்த பிறகுதான் கர்ப்பிணி வயிற்றின் மேல் இது நிலைத்தது.

சந்தேகப்பிராணி | திங்கள், மதியம் 1:02

சர்வீஸ் அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1992 வரை அமெரிக்காவில் கருவின் மேல் படலாம் என்ற ஒலிச் சக்தியின் உச்ச வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 94 மில்லிவாட். அதற்குப் பிறகு 720. திரையில் அந்த எண்களைக் காட்டினால் போதும், வரம்பைக் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். "பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டது" என்று காட்டுகிற ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய மெஷின் காலத்துப் பிள்ளைகளை வைத்து எடுத்தவை. இன்றைய மெஷினுக்கு அந்தச் சான்றிதழ் எப்படிப் பொருந்தும்?

பழங்காநத்தம்_சர்வீஸ் | திங்கள், மதியம் 1:20

உண்மைதான். ஆனால் 720 என்பது மெஷின் தொடக்கூடிய உச்சம், எல்லா ஸ்கேனும் அதில் ஓடுவதில்லை. கையில் இருப்பவர் குறைத்து ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும்.

ஸ்கேன்_ரூம் | திங்கள், மதியம் 2:35

சந்தேகப்பிராணி கேட்டது சரியான கேள்வி. வாடிப்பட்டி, உங்கள் டாக்டர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதை நான் இப்படிச் சொல்வேன்: இத்தனை வருடம் தேடியும் தீங்கு கண்ணில் படவில்லை. ஆனாலும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கொடுக்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

தேடிய கதையில் எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது. கர்ப்பிணிகள் 2,800-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 18-ஆம் வாரத்தில் ஒரு ஸ்கேன், மேற்கொண்டு தேவைப்பட்டால் மட்டும். மறு பாதிக்கு 18, 24, 28, 34, 38 என்று ஐந்து வாரங்களில் டாப்ளரோடு. 1993-ல் முடிவு வந்தபோது ஐந்து முறை பார்த்தவர்களின் பிள்ளைகளில் எடை குறைந்து பிறந்தவர்கள் சற்று அதிகம். பெரிய கலவரமே நடந்தது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை, அதே பிள்ளைகளை எட்டு வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2004-ல் எழுதினார்கள்: ஒரு வயதுக்குப் பிறகு உயரம், எடை இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான், எட்டு வயதில் பேச்சு, நடத்தை, நரம்பு வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. முதல் முடிவை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புகிறவர்கள் இரண்டாவதைச் சொல்ல மாட்டார்கள்.

நார்வேயில் சால்வேசன் குழுவினர் வயிற்றில் ஸ்கேன் பார்த்த பிள்ளைகள் எழுதப் படிக்கத் திணறுகிறார்களா என்று சோதித்தார்கள். இல்லை. ஒன்று மட்டும் இடறியது: ஆண்பிள்ளைகளில் இடதுகைப் பழக்கம் ஒரு சிட்டிகை அதிகம். ஸ்வீடனிலும் அப்படி ஒரு சாயல் வந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2009-ல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தபோது தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு எதுவும் நிற்கவில்லை, இந்த இடதுகைச் சாயல் மட்டும் பலவீனமாக மிஞ்சியது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான் இடதுகைக்காரி, என் அம்மா ஸ்கேனே எடுத்ததில்லை. சும்மா சொன்னேன், குமார் அண்ணன் மாதிரி இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எலி ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் சினை எலியின் வயிற்றில் குட்டியின் மூளை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். முழு மூளையும் ஒலிக்கற்றைக்குள் அடங்கிவிடும். தாயை அசையாமல் வைத்து, புரோப்பையும் அசைக்காமல், அதிகபட்சம் ஏழு மணி நேரம் வரை கொடுத்தார்கள். நம் ஊரில் என்.டி. ஸ்கேனில் பிள்ளை குப்புறப் படுத்துக்கொண்டால், "போய் ஜூஸ் குடிச்சிட்டு நடந்துட்டு வாம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். அந்த ஆய்வைச் செய்தவர்களே, மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனை இதை வைத்து நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஆட்டிசத்துக்கு வருகிறேன். 2018-ல் பாஸ்டனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பழைய ஸ்கேன் பதிவுகளை எடுத்து மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். எத்தனை ஸ்கேன், எவ்வளவு நேரம் என்பதில் அவர்கள் கூடுதலாக இல்லை. ஸ்கேன் ஒலி எவ்வளவு ஆழம் போனது என்ற அளவில் மட்டும் சிறிய வித்தியாசம் தெரிந்தது, அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள்.

1992 கேள்விக்கு: ஆமாம், இன்றைய மெஷினை வைத்துக் குலுக்கல் முறையில் பெரிய ஆய்வு இல்லை. இனி நடத்தவும் முடியாது, பாதிப் பேருக்கு ஸ்கேனே இல்லை என்று சொல்ல எந்த டாக்டருக்கும் மனசு வராது. அதனால்தான் ஆரம்ப வாரங்களில் டாப்ளர் விஷயத்தில் நான் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுகிறேன்.

சந்தேகப்பிராணி | திங்கள், மதியம் 3:10

"தீங்கு கண்ணில் படவில்லை" என்று சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். இதோடு நான் ஒத்துப்போகிறேன். இன்னும் ஒன்று, "வெளிநாட்டில் தடை" என்பது ஜெர்மனியைத்தான் சொல்கிறார்கள் போல. அங்கே 2021-லிருந்து, மருத்துவக் காரணம் இல்லாமல் பிள்ளை முகம் பார்ப்பதற்காக மட்டும் ஸ்கேன் எடுப்பது கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்கேனுக்குத் தடை எதுவும் இல்லை.

கள்ளிக்குடி_சிஸ்டர் | திங்கள், இரவு 8:50

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மேலே படிப்பெல்லாம் பேசுகிறீர்கள், எனக்கு அவ்வளவு தெரியாது. ஸ்கேன் எடுக்காமல் விட்டதைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டம் அதிகம். விடியும் முன்னால் பூ எடுக்கப் போக வேண்டும், வெயில் ஏறினால் மொட்டு விலை போகாது. சீசனில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து ஸ்கேன் எடுக்க யாருக்கும் மனசு வராது. அப்படி ஒரு பெண். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டு, "ஆரம்பத்துல ஒண்ணு எடுத்தாச்சுல்ல சிஸ்டர், புள்ளைக்கு ஆகாதாம்ல" என்றார். அடுத்த வாரம் போனேன், பூ என்றார்கள். அதற்கடுத்த வாரம் கோவில் கொடை என்றார்கள். எட்டாம் மாதம் வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கிறதே என்று நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். பனிக்குட நீர் எக்கச்சக்கம், பிள்ளைக்கு மண்டை ஓடு மேல்பக்கம் உருவாகவே இல்லை. அந்தப் பிள்ளை பிழைக்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்திலேயே ஸ்கேனில் தெரிந்திருக்கக்கூடிய குறை அது. ஐந்தாம் மாதத்தில் பார்த்திருந்தால்கூட, அந்தப் பெண் இன்னும் மூன்று மாதம் அசைவை எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். சீட்டு அவள் முந்தானை முடிச்சிலேயே இருந்தது, வியர்வையில் மை கலைந்து.

இன்னொருத்திக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று மாத ஸ்கேனில் தெரிந்தது. வலி எடுக்கும் முன்பே பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, இரத்தம் தயார் செய்து, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வீட்டில் வலி வந்திருந்தால் திருமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்திருக்கும்.

வாடிப்பட்டி, பாப்பா, அம்மாச்சியைக் கோவிக்காதே. அவரிடம் இந்த இரண்டையும் சொல். உனக்கு முதல் ஸ்கேன் இரத்தக்கறைக்காக எடுத்தது, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் விட முடியாது. இரண்டாவது துடிப்புக்கு. மூன்றாவது இது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எல்லாருக்கும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20-க்குள் ஒன்று, கடைசியில் வளர்ச்சி பார்க்க ஒன்று என்று வழக்கம். ஐந்தாம் மாதத்தை மட்டும் தள்ளிப்போடவே போடாதே.

கே.கே.நகர்_மாப்பிள்ளை | திங்கள், இரவு 9:25

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஏழாம் மாதம் வளைகாப்பு வருகிறது. மண்டபத்தில் பெரிய திரையில் பிள்ளை முகத்தைப் போட்டுக் காட்டலாம் என்று மச்சினன் சொல்கிறான். 4டி ஸ்கேன் அரை மணி நேரம் வீடியோவாக எடுத்துத் தருகிற சென்டர் மதுரையில் இருக்கிறதா? செலவு பிரச்சினை இல்லை.

ஸ்கேன்_ரூம் | திங்கள், இரவு 9:41

செலவு பிரச்சினை இல்லை என்றால் மண்டபத்துக்கு நல்ல சாப்பாடு போடுங்கள்.

4டி-யால் தனியாக ஆபத்து என்று இல்லை, அதுவும் அதே ஒலிதான். ஆனால் முகம் சரியாக விழவில்லை, கை மறைக்கிறது என்று அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டுவதற்கு மருத்துவத்தில் ஒரு காரணமும் கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் நினைவுப் பரிசுக்காக ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. வழக்கமான ஸ்கேனின்போது முகம் தற்செயலாக நன்றாக விழுந்தால் ஒரு படம் அச்சடித்துத் தருவோம், அதை ஃபிரேம் போட்டுக்கொள்ளுங்கள்.

உசிலை_வாத்தியார் | திங்கள், இரவு 10:20

மாப்பிள்ளைக்கு இன்னொரு சங்கதி. நம் நாட்டில் ஸ்கேன் மெஷினை நினைத்தவர் நினைத்த இடத்தில் வைத்து ஓட்ட முடியாது. 1994-ல் சட்டம் வந்து, 1996 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். பதிவு பெற்ற இடத்தில், பதிவு பெற்ற மெஷினில், எதற்காக எடுக்கிறோம் என்று படிவம் எஃப் நிரப்பித்தான் எடுக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்லவே கூடாது, சைகையில்கூட. வளைகாப்பு வீடியோவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நான் உசிலம்பட்டிக்காரன். 1986-ல் பெண்சிசுக் கொலை பற்றி ஒரு தேசியப் பத்திரிகை எழுதியதிலிருந்து எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறந்த பிறகு செய்ததைப் பிறக்கும் முன்பே செய்ய இந்த மெஷின் வழி காட்டிவிடும் என்ற பயத்தில் வந்த சட்டம் அது. அதன் பின்விளைவு ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. சென்டர் வாசலில் "சட்டப்படி குற்றம்" என்று கொட்டை எழுத்தில் போர்டு, உள்ளே ஆதார், கையெழுத்து, கைநாட்டு. இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏதோ தப்பான மிசினாத்தான் இருக்கும், இல்லாட்டி கவர்மெண்டு ஏன் இவ்வளவு எழுதி வாங்குது" என்று கிழவிகள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். கையெழுத்து வாங்குவது பெண்பிள்ளையைக் காப்பாற்ற, ஒலி ஆபத்து என்பதற்காக இல்லை. இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. அந்த அம்மாச்சிக்கும் இப்படி ஏதாவது மனதில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மேலூர்_ரோஜா | செவ்வாய், காலை 7:05

ஆன்லைனில் கையடக்க டாப்ளர் விற்கிறார்களே, வீட்டிலேயே துடிப்பு கேட்கலாம் என்று. எனக்கு இருபத்தெட்டு வாரம். தினமும் ராத்திரி கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன். இது பரவாயில்லையா மேடம்?

ஸ்கேன்_ரூம் | செவ்வாய், காலை 7:30

அதில் சக்தி குறைவுதான், சூட்டைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். என் கவலை வேறு. பிள்ளை அசைவு குறைந்த அன்று, இதை வைத்துக் கேட்டுவிட்டு "துடிப்பு இருக்குல்ல" என்று வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள். பல நேரம் அதில் கேட்பது உங்கள் சொந்த நாடித்துடிப்போ, நஞ்சுக்கொடியின் இரைச்சலோதான். துடிப்பு கேட்டாலும் பிள்ளை திணறிக்கொண்டிருக்கலாம். அசைவு குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி, அதில் பேச்சே இல்லை. அந்தக் கருவியைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள்.

வாடிப்பட்டிப்_பொண்ணு | வியாழன், மாலை 6:15

போய்விட்டு வந்தாச்சு. அம்மாச்சியும் கூடவே வந்தார். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி கேட்டுப் பார்த்தேன். "ஆதாரு எதுக்குடி கேக்குறாங்க, ஏதும் ஆச்சுன்னா நம்மளத்தான் பிடிப்பாகளோ" என்றார். விளக்கிச் சொன்னேன், சமாதானம் ஆனாரா இல்லையா தெரியவில்லை, ஆனால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

உள்ளே டி.ஐ. எவ்வளவு என்று கேட்டேன். அந்த டாக்டர் முதலில் "யூடியூப் பாத்துட்டு வந்தியாம்மா?" என்று கடுகடுத்தார். அப்புறம் அவராகவே திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி, ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார். 0.2 என்று இருந்தது, சர்வீஸ் அண்ணன் சொன்ன அதே மாதிரி. துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கவில்லை, கோடாகத்தான் காட்டினார். நிமிடத்துக்கு 158. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீர் அளவு சரியாக இருக்கிறதாம். பிள்ளை திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால் என்னையும் ஒரு தடவை வெளியே நடக்க அனுப்பினார்கள். வாசலில் பைக் நிறுத்த இடமில்லாமல் நடந்த சண்டையை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்தது ஐந்தாம் மாதம்தான், நடுவில் எதுவும் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சிஸ்டர் அம்மா, ஒரு சந்தேகம். சென்டரில் பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) கேட்டார்கள், நான் இன்னும் வாங்கவில்லை. இப்போது எங்கே போய்ப் பதிய வேண்டும்? வாடிப்பட்டியா, வீட்டுக்காரர் ஊரா?

கள்ளிக்குடி_சிஸ்டர் | வியாழன், இரவு 7:02

இப்போது எங்கே குடியிருக்கிறாயோ அந்தப் பகுதி சிஸ்டரிடம் பதியலாம் பாப்பா. ஆதார், பேங்க் பாஸ்புக், இந்த ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள். பிரசவத்துக்கு வேறு ஊர் போவதாக இருந்தாலும் அதே நம்பர்தான், புதிதாக இன்னொன்று போட விடாதே. பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள். நாளைக்கே போய்விடு, முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கும் சீக்கிரம் பதிவது நல்லது.